இரண்டு நிமிட விமானம்: வெஸ்ட்ரேயிலிருந்து பாப்பா வெஸ்ட்ரேக்கு

கேள்வி இதுதான்: "உலகத்திலேயே மிகக் குறைந்த தூரம் போகிற பயணிகள் விமானம் ஸ்காட்லாந்தில் இருக்கிறதாமே. ஏறி உட்கார்ந்து இரண்டே நிமிடத்தில் இறங்கிவிடலாமாம். நிஜமா? மூன்று கிலோமீட்டர்கூட இல்லாத தூரத்துக்கு எதற்கு விமானம்? படகு போதாதா, ஒரு பாலம் கட்டக் கூடாதா? இல்லை, சுற்றுலாக்காரர்களை இழுக்க ஓட்டுகிற வேடிக்கையா?"

நிஜம்தான். வேடிக்கை இல்லை. சுற்றுலாக்காரர்கள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவர்கள்.

ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி என்று ஒரு தீவுக்கூட்டம். அதில் வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தீவுகள். இரண்டிலும் ஆளுக்கொரு சின்ன விமானத் திடல். இரண்டு திடலுக்கும் நடுவே உள்ள தூரம் சுமார் 2.7 கிலோமீட்டர். கால அட்டவணையில் 2 நிமிடம் என்று போட்டிருக்கும். காற்று ஒத்துழைத்தால் ஒன்றரை நிமிடத்திலேயே முடிந்துவிடும். அட்டவணை போட்டு ஓடும் விமானச் சேவைகளில் இதுதான் மிகக் குறுகியது என்று கின்னஸ் பதிவும் இருக்கிறது. சென்னை மீனம்பாக்கத்தின் பெரிய ஓடுதளம் மட்டுமே 3.6 கிலோமீட்டர் நீளம். அந்த ஒரே ஓடுதளத்துக்குள் இந்த முழுப் பயணத்தையும் வைத்துவிட்டு, மிச்ச இடத்தில் இன்னொரு குட்டி விமானத்தை இறக்கலாம்.

நான் பல வருடம் விமான நிலையத்தில் லோடு ஷீட் போடும் வேலை பார்த்தவன். யார் எங்கே உட்கார்ந்தார்கள், எந்த அறையில் எவ்வளவு சாமான், மொத்த எடை என்ன, பாரம் எங்கே விழுகிறது என்று கணக்குப் போட்டு விமானியிடம் கையெழுத்து வாங்குகிற வேலை. அதனால் இந்த வழித்தடத்தைப் பற்றிப் படித்தபோது மற்றவர்களுக்கு இரண்டு நிமிடம் ஆச்சரியமாக இருந்ததென்றால், எனக்கு வேறு ஆச்சரியங்கள். அபர்டீனில் எண்ணெய்த் துறையில் வேலை பார்க்கும் மச்சான் வீட்டுக்கு ஒரு ஜூன் மாதம் போயிருந்தபோது, இதற்காகவே ஆர்க்னி வரை போய் ஏறிவிட்டும் வந்தேன். வீட்டில் "ரெண்டு நிமிஷத்துக்கு ரெண்டு நாள் பயணமா?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிடுகிறேன். இதை ஒரு தனி விமானப் பயணமாக நினைப்பதால்தான் குழப்பம் வருகிறது. உண்மையில் இது ஒரு பஸ் நிறுத்தம்.

ஆர்க்னியில் எழுபதுக்குப் பக்கம் தீவுகள். ஆள் வசிப்பது இருபது தீவுகளில்தான். மொத்த மக்கள்தொகை 22,000 அளவில். நடுத்தீவில் கெர்க்வால் என்கிற ஊர். மருத்துவமனை, மேல்நிலைப் பள்ளி, கடை, அலுவலகம் எல்லாம் அங்கே. அங்கிருந்து எட்டு இருக்கைக் குட்டி விமானம் கிளம்பி வடக்குத் தீவுகளுக்குப் போய் வருகிறது. ஒரு சுற்றில் கெர்க்வால், வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே, மறுபடி கெர்க்வால். இன்னொரு சுற்றில் இதையே தலைகீழாகப் போகும். பாப்பா வெஸ்ட்ரேயில் ஆள் இறங்க வேண்டும், வெஸ்ட்ரேயில் ஆள் ஏற வேண்டும், இரண்டும் அடுத்தடுத்து இருக்கின்றன. அவ்வளவுதான் கதை. தாம்பரத்திலிருந்து பிராட்வே போகிற பஸ் சின்னமலையில் நின்றுவிட்டு அடுத்து சைதாப்பேட்டையில் நிற்கிறது. சின்னமலை – சைதாப்பேட்டைதான் உலகின் மிகக் குறுகிய பஸ் பயணம் என்று வெளியூர்க்காரர் ஒருவர் கேமராவோடு வந்து ஏறினால் கண்டக்டர் எப்படிப் பார்ப்பாரோ, அப்படித்தான் தீவுக்காரர்கள் நம்மைப் பார்க்கிறார்கள். மரியாதையாகத்தான் பார்க்கிறார்கள், அது வேறு விஷயம். இந்தத் துண்டில் பறந்ததற்குச் சான்றிதழ்கூடக் கொடுக்கிறார்கள்.

சரி, படகு போதாதா?

படகு இருக்கிறது. வெஸ்ட்ரேயின் பியரோவால் பக்கத்திலிருந்து பாப்பா வெஸ்ட்ரேயின் மாக்லெட் துறைக்கு ஒரு சிறிய பயணிகள் படகு ஓடுகிறது. சுமார் 25 நிமிடம். கோடையில் அது அழகான பயணம். குளிர்காலத்தில் அட்லாண்டிக் கடலும் வட கடலும் முட்டிக்கொள்ளும் இடத்தில், புயலுக்கு நடுவே, அதே 25 நிமிடத்தை யோசித்துப் பாருங்கள். கெர்க்வாலிலிருந்து வரும் பெரிய கப்பலும் உண்டு. ஆனால் பாப்பா வெஸ்ட்ரேயில் கார் நேராக ஓட்டி இறங்கும் சாய்தளம் கிடையாது. காரைக் கிரேன் வைத்துத் தூக்கித்தான் இறக்க வேண்டும். அந்தக் கப்பலில் கெர்க்வால் போய்வர ஒரு நாளே காலியாகிவிடும். விமானத்தில் கால் மணி, இருபது நிமிடம்.

பாலத்துக்கு வருவோம். பாம்பன் சாலைப் பாலம் 2.3 கிலோமீட்டர் சொச்சம். ஏறத்தாழ அதே அளவு தூரம்தான் இங்கேயும். ஆனால் பாம்பனுக்கு அந்தப் பக்கம் ராமேஸ்வரம் இருக்கிறது. வருடம் முழுக்க லட்சக்கணக்கில் ஆள் வருகிற கோயில் ஊர். பாப்பா வெஸ்ட்ரேயில் 2011 கணக்கெடுப்புப்படி மொத்தம் 90 பேர். வெஸ்ட்ரேயில் 588. தொண்ணூறு பேருக்காக அந்த நீரோட்டத்தில் தூண் இறக்க எந்த அரசும் கையெழுத்துப் போடாது. இன்னொன்றும் உண்டு. பாலம் கட்டினாலும் பாப்பா வெஸ்ட்ரேக்காரர் போய்ச் சேருவது வெஸ்ட்ரேயில்தான். கெர்க்வால் போக அங்கிருந்து இன்னும் சுமார் 40 கிலோமீட்டர் கடல் பாக்கி. அவருக்கு வேண்டியது பக்கத்துத் தீவு இல்லை, கெர்க்வால். விமானம் அங்கே கொண்டுபோய் விடுகிறது. போகிற வழியில் பக்கத்துத் தீவிலும் நிற்கிறது.

யார் ஏறுகிறார்கள் என்று கேட்டால், நாம் நினைக்கிற மாதிரி ஆட்கள் இல்லை. தீவு தீவாகப் போய்ப் பாடம் எடுக்கும் இசை ஆசிரியர், கலை ஆசிரியர். கால்நடை மருத்துவர். வங்கி ஊழியர். கெர்க்வாலில் விடுதியில் தங்கிப் படித்துவிட்டு வார இறுதிக்கு வீடு திரும்பும் பிள்ளைகள். பல் டாக்டரைப் பார்க்கப் போகிற பாட்டி. கோடையில் தொல்லியல்காரர்கள், பறவை பார்க்க வருகிறவர்கள், அப்புறம் என்னைப் போல இரண்டு நிமிடத்துக்காக வருகிறவர்கள்.

இப்போது விமானத்துக்கு வருகிறேன். எனக்குப் பிடித்த பகுதி இது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெயர் ஐலண்டர். தீவுக்காரன் என்றே அர்த்தம். ஜான் பிரிட்டன், டெஸ்மண்ட் நார்மன் என்ற இரண்டு பேர் இங்கிலாந்தின் தென்கரையை ஒட்டிய வைட் தீவில் உட்கார்ந்து வடிவமைத்தது. முதலில் பறந்தது 1965 ஜூனில். இறக்கை தலைக்கு மேலே, பக்கத்துக்கு ஒரு பிஸ்டன் என்ஜின், சக்கரங்கள் நிரந்தரமாக வெளியே தொங்கும். மேலே போனதும் சக்கரத்தை உள்ளே இழுக்கும் வசதியே கிடையாது. அதைக் குறையாக நினைக்காதீர்கள். இரண்டு நிமிடப் பயணத்தில் சக்கரத்தை உள்ளே இழுத்து முடிப்பதற்குள் மறுபடி வெளியே விட வேண்டியிருக்கும். இழுக்கிற இயந்திரம் இல்லாததால் எடை மிச்சம், பழுது மிச்சம். சுமார் 500 மீட்டர் திடல் போதும், ஏறிவிடும், இறங்கிவிடும்.

உள்ளே நடைபாதை கிடையாது. காரில் ஏறுகிற மாதிரி வெளியே நின்று கதவைத் திறந்து, முன் இருக்கையைக் கொஞ்சம் சாய்த்து, குனிந்து நுழைய வேண்டும். வரிசைக்கு இரண்டு பேர். விமானிக்கும் உங்களுக்கும் நடுவே தடுப்பு எதுவும் இல்லை. அவர் எந்தக் கைப்பிடியைத் தள்ளுகிறார், எந்த முள் எங்கே நிற்கிறது என்று எல்லாம் தெரியும். பாதுகாப்பு அறிவிப்பை விமானியே திரும்பி உட்கார்ந்து சொல்லிவிடுகிறார். இடம் காலியாக இருந்தால் அவருக்குப் பக்கத்து இருக்கையில் பயணியை உட்காரவைப்பதும் உண்டு.

யாரை எங்கே உட்காரவைப்பது என்பதுதான் என்னைக் கவர்ந்தது. நம் ஊரில் ஓடும் ஏர்பஸ் ஏ320 மாதிரி ஒரு விமானத்தின் உச்ச எடை 77, 78 டன். அதில் ஒரு ஆள் பத்தாவது வரிசையிலிருந்து இருபதாவது வரிசைக்கு மாறினால் என் கணக்கில் ஒரு மயிரிழைகூட அசையாது. ஐலண்டரின் உச்ச எடை மூன்று டன்னுக்குச் சற்றுக் கீழே. 90 கிலோ மனிதர் ஒருவர் ஏறினால் மொத்தத்தில் 3 சதவீதம் அவரே. அவர் முன்னால் உட்கார்ந்தால் ஒரு மாதிரி, பின்னால் உட்கார்ந்தால் வேறு மாதிரி. கெர்க்வாலில் விமானி எங்களை வரிசையாக ஒரு பார்வை பார்த்தார். ஒல்லியான பெண்மணியைப் பின்னால் போகச் சொன்னார், பருத்த பெரியவர் ஒருவரை நடுவில் இருக்கச் சொன்னார், என்னை முன்னால் கைகாட்டினார். நான் இருபது வருடம் கம்ப்யூட்டரில் போட்ட டிரிம் கணக்கு, அதாவது பாரம் முன்னும் பின்னும் சரியாக விழுகிறதா என்கிற கணக்கு, அங்கே கண்ணெதிரே ஆள் ஆளாக நின்றுகொண்டிருந்தது. அவர் ஏற்கெனவே தாளில் கணக்குப் பார்த்துத்தான் சொல்கிறார், கண்ணாலேயே எடை போடவில்லை. ஆனாலும் பருத்த பெரியவர் முகத்தில் ஒரு சின்ன வருத்தம்.

வெஸ்ட்ரேயில் இறங்கியவர்கள் இறங்கி, ஏற வேண்டியவர் ஏறி, கதவைச் சாத்தினார்கள். திடல் ஓரத்தில் ஒரு குடிசை அளவுக் கட்டடம், பக்கத்தில் தீயணைப்பு வண்டி. விமானம் வந்து போகும்போது அந்த வண்டிப் பக்கம் ஆள் நின்றாக வேண்டும் என்பது விதி. நிற்பவர்கள் தீவுக்காரர்களே, விமானம் போனதும் அவரவர் பண்ணை வேலைக்கோ வேறு வேலைக்கோ போய்விடுவார்கள். என்ஜின் இரைந்தது, சரளைத் தரை அதிர்ந்தது, தரை நழுவியது. கடல் வந்தது. நான் பையிலிருந்த கேமராவை எடுத்து மூடியைக் கழற்றினேன். மூடியை எங்கே வைப்பது என்று தேடினேன். நிமிர்ந்தால் கண்ணாடிக்கு நேர் எதிரே அடுத்த திடல் பெரிதாகிக்கொண்டு வந்தது. எடுத்தது ஒரே ஒரு படம். அதில் பாதி என் கட்டைவிரல்.

அந்த 53 விநாடி கதை உங்கள் காதில் விழுந்திருக்கலாம். ஸ்டூவர்ட் லிங்க்லேட்டர் என்ற விமானி இந்தத் துண்டை 53 விநாடியில் பறந்து முடித்தார். சாதனை அவர் பெயரில்தான். 2013இல் ஓய்வு பெற்றவர். இந்த ஒரே தாவலை 12,000 தடவைக்கு மேல் செய்தவர். ஒன்றரை நிமிடம் என்று வைத்தால்கூட முந்நூறு மணி நேரத்துக்கு 2.7 கிலோமீட்டரிலேயே போய்வந்திருக்கிறார்.

53 விநாடி எப்படிச் சாத்தியம்? வேகமாக ஓட்டினார் என்பதல்ல விஷயம். 2.7 கிலோமீட்டரை 53 விநாடியால் வகுத்தால் மணிக்கு 180 கிலோமீட்டர் சொச்சம் வரும். ஐலண்டர் அதைவிட வேகமாகவே போகும். மேலும் அந்த 2.7 என்பது ஒரு திடலின் மையத்திலிருந்து மற்றதன் மையத்துக்கு அளந்தது. சக்கரம் தரையை விட்டதிலிருந்து மறுபடி தரையைத் தொடுவது வரை உள்ள தூரம் அதைவிடக் குறைவு. உண்மையான எதிரி காற்று. விமானம் காற்றை எதிர்த்துத்தான் ஏற வேண்டும், காற்றை எதிர்த்துத்தான் இறங்க வேண்டும். ஆர்க்னியில் காற்று எப்போதும் அடிக்கும். மரமே அதிகம் வளராத அளவுக்கு அடிக்கும். நீங்கள் கிழக்கே போக வேண்டும், காற்று மேற்கிலிருந்து பலமாக வருகிறது என்றால், முதலில் மேற்குப் பார்த்து ஏறி, அரை வட்டம் அடித்துக் கிழக்கே போய், மறுபடி அரை வட்டம் அடித்து மேற்குப் பார்த்து இறங்க வேண்டும். 2.7 கிலோமீட்டர் என்பது பெயருக்குத்தான், பறந்தது அதைப் போல இரண்டு மடங்கு ஆகியிருக்கும். மாறாக, போகிற திசைக்கு நேராகவே ஏறி, திரும்பாமல் நேராகவே இறங்கும்படி காற்று அமைந்தால் ஒரு நிமிடம் போதும். இதற்காகவே இரண்டு திடலிலும் வெவ்வேறு திசை பார்த்து மூன்று மூன்று ஓடுதளங்கள் வைத்திருக்கிறார்கள். தொண்ணூறு பேர் ஊருக்கு மூன்று ஓடுதளமா என்று வாயைப் பிளக்காதீர்கள். சரளை கொட்டியது, புல் வெட்டியது என்று எல்லாம் சேர்த்துத்தான் மூன்று.

எரிபொருள் கணக்கும் விசித்திரமானது. பறப்பது இரண்டு நிமிடமானாலும் கையில் அரை மணி நேரம் போலப் பறக்கக் கூடுதல் எரிபொருள் வைத்திருக்க வேண்டும். ஆக, இந்தத் துண்டைப் பொறுத்தவரை தொட்டியில் இருப்பதில் பெரும்பகுதி எரிப்பதற்கல்ல, வைத்திருப்பதற்கு. பெட்டிக்கடைக்குப் போகிறவர் மதுரை வரைக்குமான கட்டுச்சோற்றைக் கையில் வைத்திருப்பது போல.

இதெல்லாம் எப்போது ஆரம்பித்தது? ஆர்க்னிக்காரர்களுக்கு விமானம் 1930களிலேயே பழகிவிட்டது. எட்மண்ட் ஃப்ரெஸன் என்ற கேப்டன் 1933இல் இன்வர்நெஸ்ஸிலிருந்து கெர்க்வாலுக்குச் சேவை தொடங்கினார். அடுத்த வருடமே தபாலையும் விமானத்தில் ஏற்றினார், அதுவும் கூடுதல் கட்டணம் இல்லாமல், சாதாரணத் தபால்தலைக்கே. பிரிட்டனுக்குள் அப்படி ஓடிய முதல் வழக்கமான விமானத் தபால் அது. தீவுகளில் மாட்டு மேய்ச்சல் நிலங்களையே திடலாக்கி இறங்கினார். பிறகு போர் வந்தது. போருக்குப் பின் எல்லாம் அரசு நிறுவனத்தின் கைக்குப் போனது. 1948இல் ஃப்ரெஸனையே வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். தீவுக்காரர்கள் அதை இன்னும் மறக்கவில்லை. கெர்க்வால் விமான நிலையத்தில் அவருக்கு நினைவுக்கல் இருக்கிறது.

இரண்டாவது அத்தியாயத்தைத் தொடங்கியது லோகன்ஏர், 1967இல். அந்த நிறுவனத்தின் பிறப்பு ஒரு நல்ல கதை. வில்லி லோகன் விமானக்காரரே அல்ல, கட்டட ஒப்பந்தக்காரர். டண்டீயில் டே நதியின் குறுக்கே சாலைப் பாலம் கட்டும் வேலை அவருடைய நிறுவனத்துக்குக் கிடைத்தது. வடக்கே இருந்த அலுவலகத்துக்கும் பாலத்துக்கும் இடையே ஓடி அலுத்துப்போய்ச் சின்ன விமானத்தை வாடகைக்கு எடுத்தார். அது பிடித்துப்போய் 1962இல் சொந்தமாகவே ஒரு விமானக் கம்பெனி ஆரம்பித்துவிட்டார். பாலம் 1966 ஆகஸ்டில் திறந்தது. வில்லி லோகன் அதைப் பார்க்கவில்லை; அதே வருடம் ஜனவரியில் இன்வர்நெஸ் அருகே நடந்த விமான விபத்தில் இறந்துபோனார். அந்தப் பாலத்தின் நீளம் சுமார் 2.25 கிலோமீட்டர். இரண்டே கால் கிலோமீட்டர் பாலம் கட்டப்போய்ப் பிறந்த கம்பெனி, பாலம் கட்ட முடியாத ஏறக்குறைய அதே தூரத்தைத் தாண்டுவதற்குப் பேர் வாங்கியது. யாராவது திட்டமிட்டுச் செய்ததுபோல இருக்கிறது, அப்படி இல்லை.

ஐலண்டர் அப்போதுதான் சந்தைக்கு வந்திருந்தது. இப்படி ஒரு விமானம் இல்லாமல் இப்படி ஒரு வழித்தடம் சாத்தியமே இல்லை. பெரிய விமானத்துக்கு அந்தத் திடல் போதாது. இன்னும் சிறிய ஒற்றை என்ஜின் விமானத்தில் கடல் மேல் தினசரி பயணிகளை ஏற்றுவது அன்றைக்கு நினைத்துப்பார்க்க முடியாதது.

பணம் எங்கிருந்து வருகிறது? டிக்கெட்டிலிருந்து மட்டும் என்றால் என்றைக்கோ மூடியிருப்பார்கள். ஆர்க்னி தீவுகள் மன்றம் இதைப் பொதுச் சேவையாக அறிவித்து, ஒப்பந்தம் விட்டு, நஷ்டத்தை ஈடுகட்டுகிறது. நம் மலை கிராமத்துக்குப் போகிற அரசு பஸ் மாதிரி. அந்த டிரிப்பில் டீசல் காசு தேறுமா என்று யாரும் கேட்பதில்லை. பாப்பா வெஸ்ட்ரேயில் ஒரு இரவாவது தங்குகிறவர்களுக்குச் சலுகைக் கட்டணம் என்றும் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள். எனக்கு அது புத்திசாலித்தனமாகப் பட்டது. சும்மா ஏறிப் பறந்துவிட்டுப் போகிறவரால் தீவுக்கு ஒரு காசு பிரயோஜனம் இல்லை. தங்கினால் விடுதிக்கும் கடைக்கும் வருமானம்.

வேறு போட்டியாளர்கள் இல்லையா என்றும் கேட்கலாம். அயர்லாந்தில் கானமாராவிலிருந்து ஆரன் தீவுகளுக்கு இதே ஐலண்டர் விமானத்தில் பத்து நிமிடத்துக்குள் போகலாம். கரீபியனில் சிண்ட் மார்ட்டினிலிருந்து சாபா தீவுக்குக் கால் மணி. அங்கே ஓடுதளமே 400 மீட்டர்தான், இரண்டு முனையிலும் பள்ளத்தில் கடல். இரண்டு நாடுகளுக்கு இடையே என்று பார்த்தால் ஒரு கூத்து நடந்தது. 2016 நவம்பரில் சுவிட்சர்லாந்தின் ஆல்டன்ரைனிலிருந்து கான்ஸ்டன்ஸ் ஏரியைத் தாண்டி ஜெர்மனியின் ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபனுக்கு ஒரு ஜெட் விமானத்தை விட்டார்கள். தூரம் 20 கிலோமீட்டர் சொச்சம், பறப்பது 8 நிமிடம். அங்கிருந்து கொலோன் போகும் வழியில் அதுவும் ஒரு நிறுத்தம்தான். ஆனால் அந்த ஏரியைச் சுற்றிச் சாலை இருக்கிறது, ரயில் இருக்கிறது, குறுக்கே படகு இருக்கிறது. சுற்றுச்சூழல்காரர்கள் கொதித்தார்கள், ஆளும் ஏறவில்லை, சில மாதத்தில் நின்றுபோனது. ஆர்க்னியில் அந்தக் கொதிப்பு எழவே இல்லை என்பதைக் கவனியுங்கள். தூரம் குறைவா, கூடுதலா என்பதல்ல, வேறு வழி இருக்கிறதா என்பதுதான் அங்கே கேள்வி.

இருந்தாலும் புகை புகைதான். இந்தக் குட்டித் தூரம் மின்சார விமானத்துக்குப் பொருத்தமான இடம் என்று பலருக்கும் தோன்றியது இயல்பு. ஐலண்டரையே மாற்றியமைக்கும் திட்டம் ஒன்றை 2019இல் அறிவித்தார்கள். அதற்கு வைத்த பெயர் ஃப்ரெஸன் திட்டம். 1948இல் வீட்டுக்கு அனுப்பிய அதே கேப்டன் பெயர். முதலில் மின்கலம் என்றார்கள், பிறகு ஹைட்ரஜனுக்கு மாறினார்கள். ஏன் மாறினார்கள் என்பதை நான் மேலே சொன்ன கட்டுச்சோற்றுக் கணக்கு பாதி விளக்கிவிடும்: இரண்டு நிமிடத்துக்கான மின்கலம் சின்னது, ஆனால் அரை மணி நேரக் கையிருப்புக்கான மின்கலமும் சேர்ந்து ஏற வேண்டும், மூன்று டன் விமானத்தில் அந்த எடைக்கு நீங்கள் இறக்கிவிட வேண்டியது பயணிகளை. பெட்ரோல் எரிய எரிய எடை குறையும், மின்கலம் காலியானாலும் அதே எடை. 2021இல் ஆம்பேர் என்ற நிறுவனம், பெட்ரோலும் மின்சாரமும் கலந்த ஒரு சிறு விமானத்தைக் கெர்க்வாலுக்கும் பிரதான நிலத்திலுள்ள விக் ஊருக்கும் இடையே சோதனைக்குப் பறக்கவிட்டது. அது பயணிகள் சேவை அல்ல, சோதனை மட்டும்.

இறங்கிய பிறகு பாப்பா வெஸ்ட்ரேயில் என்ன இருக்கிறது என்று சொல்லாவிட்டால் பதில் முழுமையாகாது. தமிழில் எழுதும்போது 'பாப்பா' என்றதும் குழந்தைத் தீவு போலத் தோன்றுகிறது. உண்மையில் பழைய நார்ஸ் மொழியில் துறவிகளைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. உள்ளூர்க்காரர்கள் 'பாப்பே' என்று சுருக்கிச் சொல்கிறார்கள். திடலிலிருந்து நடந்துபோகிற தூரத்தில், மேற்குக் கரையில், நாப் ஆஃப் ஹாவர் என்ற இடம். ஒட்டி ஒட்டி இரண்டு கல் வீடுகள். கிறிஸ்து பிறப்பதற்கு 3,700 ஆண்டுக்கு முன்பு வாக்கில் ஆள் குடியிருந்த வீடுகள். வட ஐரோப்பாவில் இன்றும் சுவரோடு நிற்கும் மிகப் பழைய கல் வீடு என்கிறார்கள். கூரை இல்லை. நிலைக்கல் இடுப்புக்குச் சற்று மேலேதான். குனிந்து, பக்கவாட்டில் திரும்பி, ஒரு தோளை முதலில் விட்டு நுழைய வேண்டியிருந்தது. ஐலண்டரில் ஏறியதும் அப்படித்தான்.

தீவின் வடக்கு முனையில் பறவைக் காப்பிடம். பெரிய ஆக் என்ற பறக்கத் தெரியாத கடற்பறவை, இன்று உலகில் எங்கும் இல்லை. ஆர்க்னியில் எஞ்சியிருந்த கடைசிப் பறவையை 1813இல் இங்கேதான் சுட்டார்கள். பாடம் செய்த அதன் உடல் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

போக வேண்டும் என்று தீர்மானித்துவிட்டால் சில விஷயங்கள். கெர்க்வாலிலிருந்து பாப்பா வெஸ்ட்ரேக்கு டிக்கெட் எடுத்தால் நீங்கள் நினைத்த இரண்டு நிமிடம் கிடைக்கும் என்று நம்பிவிடாதீர்கள். சில சுற்றுகள் வெஸ்ட்ரே வழியாகப் போகும், சில நேராகப் போகும், சிலவற்றில் திரும்பி வரும்போதுதான் அந்தத் துண்டு வரும். அட்டவணையில் எந்தச் சுற்று எந்த வரிசையில் நிற்கிறது என்று பார்த்து, பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். மூடுபனி இறங்கினால் விமானம் போகாது, ஒரு நாள் கையிருப்பு வையுங்கள். பெட்டி வேண்டாம், துணிப்பை போதும். அப்புறம், கேமரா மூடியை வெஸ்ட்ரேயில் தரையில் நிற்கும்போதே கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள்.